உள்ளானும் யப்பானியத் துவக்கும்

மாரி பிறந்ததும் வங்காலைச் சதுப்பிலும் கட்டுக்கரைக்குளத்தை அடுத்த வயல்வெளிகளிலும் வந்திறங்கும் உள்ளானை மன்னார் வாசகர்களுக்கு நான் அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. நீண்ட அலகும் சேற்றின் நிறத்தோடு ஒன்றிப்போகும் கபில நிற இறகும் கொண்ட சிறு பறவை அது. ஆள் காலடிக்கு வரும்வரை அசையாது கிடக்கும். பின்னர் சட்டென்று எழுந்து, நேரே பறவாமல் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து பறந்து மறையும். இதனைச் சுட்டு வீழ்த்துவது எளிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியாவிற் பணிபுரிந்த ஆங்கிலேயப் படை அதிகாரிகளுக்கு இப்பறவையை வேட்டையாடுவது பெரும் பொழுதுபோக்காக இருந்தது. ஆங்கிலத்தில் இதன் பெயர் ‘ஸ்னைப்’. 1770களில் அவர்கள் தாயகத்துக்கு எழுதிய கடிதங்களில் இந்த வேட்டை பேசப்படுகிறது. அதிலிருந்து, அடுத்த நூற்றாண்டில், மறைந்திருந்து குறி தவறாது சுடுபவனுக்கு ‘ஸ்னைப்பர்’ என்ற பெயர் வந்தது. பறவையைச் சுட்டவனின் பெயர் மனிதனைச் சுடுபவனின் பெயராயிற்று.

உலகப் படைகள் யாவும் வழங்கும் இச்சொல்லின் வேர், நமது குளத்துச் சேற்றில் அலகு புதைத்து இரை தேடும் உள்ளானிடம் இருக்கிறது என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ளல் நன்று. எனது தலைமுறையினரோ இச்சொல்லை ஆங்கில வகுப்பிற் கற்கவில்லை. வேறு விதமாகக் கற்றோம்.

உயர்தர வகுப்பில் வரலாறு பயிலும் மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு படத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அமெரிக்க நாட்டு ஏலம் ஒன்றில் விற்பனைக்கு வந்த யப்பானிய ஸ்னைப்பர் துவக்கின் படம் அது. துவக்கின் எண்ணும் அதன்மேற் பூட்டிய தொலைநோக்குக் கண்ணாடியின் எண்ணும் பொருந்துகின்றன என்றும், ஆகவே விலை அதிகம் என்றும் கீழே எழுதியிருந்தது. எண் பொருந்தினால் ஏன் விலை ஏற வேண்டும் என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆயுதஞ் சேர்ப்போரிடம் எனக்குத் தனிப்பட்ட மதிப்பு எதுவுமில்லை. ஆயினும் ஒரு பழம்பொருளை உண்மையானதா போலியா என்று கண்டறிய அவர்கள் கையாளும் முறையைக் கண்டு வியக்கிறேன். வரலாறு பயிலும் எவருக்கும் அம்முறை பயன்படும்.

முதலிற் பெயரைப் பார்ப்போம். யப்பானியக் காலாட் படையின் துவக்குகளைப் பொதுவாக ‘அரிசாகா’ என்பர். 1897ஆம் ஆண்டு உருவான முதல் வகையை வடிவமைத்த அரிசாகா நரியாக்கிரா என்ற படை அதிகாரியின் பெயரே அது. அவ்வகைக்குப் பின் வந்தது ‘38ஆம் வகை’. இவ்வெண்ணைக் கண்டு 1938 என்று முடிவு கட்டிவிடுபவர் பலர். மெய்ஜி மன்னர் அரசேறியதிலிருந்து எண்ணிய முப்பத்தெட்டாம் ஆண்டு அது, அதாவது 1905. பிற்காலத்தில் யப்பானியர் மன்னர் ஆண்டை விட்டு, தம் முதற் சக்கரவர்த்தி அரசேறியதாக அவர்கள் நம்பும் கி.மு. 660இலிருந்து எண்ணும் பேராண்டுக் கணக்கின் கடைசி எண்களைச் சூட்டத் தொடங்கினார்கள். அக்கணக்கில் 2597ஆம் ஆண்டு நமக்கு 1937. அவ்வாண்டு ஏற்கப்பட்ட ஸ்னைப்பர் துவக்கு ‘97ஆம் வகை’ எனப் பெயர் பெற்றது. 2599இல், அதாவது 1939இல் வந்தது ‘99ஆம் வகை’. கலியாண்டும் சக ஆண்டும் திருவள்ளுவர் ஆண்டும் ஒரே பஞ்சாங்கத்திற் கண்டு பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. கல்வெட்டில் ஓர் ஆண்டைக் கண்டதும் எந்தக் கணக்கு என்று முதலிற் கேட்க வேண்டும் என நாம் மாணவருக்குச் சொல்வதில்லையா? இரும்பில் வெட்டிய எழுத்துக்கும் அதே விதிதான்.

அடுத்தது முத்திரை. குழலின் அடிப்பாகத்தின் உச்சியில் பதினாறு இதழ்கொண்ட செவ்வந்திப் பூ பொறிக்கப்பட்டிருக்கும். அது சக்கரவர்த்தியின் இலச்சினை. துவக்கு படைவீரனுடையதன்று, அரசனுடையது என்பது அதன் பொருள். 1945இல் யப்பான் சரணடைந்தபோது கையளிக்கப்பட்ட எண்ணற்ற துவக்குகளில் இப்பூவை அராவி அழித்துவிட்டார்கள். ஆகவே பூ அழிந்த துவக்கு சரணாகதியின்போது கையளிக்கப்பட்டது என்றும், பூ முழுமையாக இருப்பது போர்க்களத்திலேயே கைப்பற்றப்பட்டது என்றும் சேகரிப்போர் பெரும்பாலும் ஊகிப்பர். முற்றான விதியன்று இது. பயிற்சிக்கென்று பாடசாலைகளுக்கு முன்னரே ஒதுக்கிவிட்ட துவக்குகளிலும் பூவைச் சிதைத்திருக்கிறார்கள். ஓர் அடையாளத்தை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறுபவர் எந்தத் துறையிலும் ஏமாறுவார்.

பூவுக்குக் கீழே மூன்று சீன எழுத்துக்கள் வகையின் எண்ணைச் சொல்லும். பக்கவாட்டில் தொடர் எண்ணும் அதன் ஓரத்தில் படைக்கலச் சாலையின் குறியும் இருக்கும். ஒன்றையொன்று தழுவி நிற்கும் நான்கு வட்டங்கள் கொக்குறா சாலையின் குறி. பீரங்கிக் குண்டுகளை அடுக்கிவைத்த தோற்றம் அது. முன்பு தோக்கியோ சாலைக்கு உரியதாயிருந்த இக்குறி, 1923ஆம் ஆண்டுப் பூகம்பத்தின் பின்னர் வேலை கொக்குறாவுக்கு மாறியபோது கூடவே போயிற்று. நகோயா சாலையின் குறியோ இரண்டு மீன்கள். நகோயாக் கோட்டையின் கூரையுச்சியில் நிற்கும் புலித்தலை மீனின் உருவம் அது. நமது கோவில்களின் மகரத்தை நினைவூட்டும்.

தொடர் எண் 99,999ஐ எட்டியதும் மீண்டும் தொடக்கத்திலிருந்து எண்ணி, முன்னால் ஒரு வட்டத்துள் யப்பானிய எழுத்தொன்றை இட்டார்கள். அவ்வெழுத்துக்களின் வரிசை நமது அகரவரிசை போன்ற ஒன்றன்று. ‘இரொஹா’ என்னும் பழம் பாடல் ஒன்றில் எழுத்துக்கள் வரும் ஒழுங்கே அவ்வரிசை. ஒவ்வோர் எழுத்தும் ஒரே ஒரு முறை வருமாறு யாத்த பாடல் அது. அதன் பொருள் நிலையாமை. அழகாகப் பூத்தவை உதிர்ந்துபோகும் என்ற பௌத்தக் கருத்தைச் சொல்லும் பாடலின் எழுத்துக்களை, உயிர் குடிக்கும் கருவிக்கு வரிசை எண்ணாக வெட்டியிருக்கிறார்கள். வெட்டியவர் அதனை எண்ணிப் பார்த்திருப்பாரா? எழுத்துவரிசை என்பது அவருக்கு வெறும் எழுத்துவரிசையாகவே இருந்திருக்கும்.

இனி ஸ்னைப்பர் துவக்குக்கு வருவோம். 97ஆம் வகை என்பது பெரும்பாலும் 38ஆம் வகையேதான். குழலின் நீளம் ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர். துவக்கின் முழு நீளம் நாலடிக்கு மேல். 6.5 மில்லிமீற்றர் ரவை. சிறிய ரவை, நீண்ட குழல் என்பதால் மருந்து முழுவதும் குழலுக்குள்ளேயே எரிந்துவிடும். சுட்டவுடன் வாயிற் சுவாலையும் புகையும் தெரிவது மிகக் குறைவு. காட்டில் மறைந்திருப்பவனுக்கு இதனினும் பெரிய உதவி வேறில்லை. மலாயாவிலும் பர்மாவிலும் போரிட்டவர்கள் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் தவித்ததன் காரணங்களுள் இது ஒன்று.

சாதாரணத் துவக்கிலிருந்து இதனை வேறுபடுத்துபவை சில. ரவையைத் தள்ளிப் பூட்டும் கைபிடி பக்கவாட்டில் நேராக நீட்டி நில்லாமல் கீழ்நோக்கி வளைந்திருக்கும். நீட்டி நின்றால் கண்ணாடியை நோக்கும்போது கை தட்டுப்படும். குழலின் கீழே கம்பியாலான ஊன்றுகால் ஒன்று மடங்கிக் கிடக்கும். எல்லாவற்றிலும் முக்கியமானது தொலைநோக்குக் கண்ணாடி. அது துவக்கின் நடுவே மேலே இல்லாமல் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். ஐந்து ரவைகளை ஒரு தகட்டிற் கோத்து மேலிருந்து அழுத்தி நிரப்புவது அக்காலத்து முறை. கண்ணாடி நடுவில் இருந்தால் அவ்வழி அடைபட்டுவிடும்; ஆகவே ஒதுக்கிவிட்டார்கள். இரண்டரை மடங்கு பெருப்பித்துக் காட்டும் அக்கண்ணாடி பத்துப் பாகை அகலமான காட்சியைத் தரும். அவ்விரு எண்களும் அதன் உடலிலேயே எழுதப்பட்டிருக்கும்.

மற்ற நாட்டுக் கண்ணாடிகளில் தூரத்துக்கும் காற்றுக்கும் ஏற்பத் திருகிச் சரிசெய்யும் திருகாணிகள் உண்டு. இதிலோ வீரன் திருகிச் சரிசெய்வதற்கு எதுவுமில்லை. படைக்கலச் சாலையிலேயே ஒரு குறித்த கண்ணாடியை ஒரு குறித்த துவக்குக்குப் பொருத்தி, குறி நேராக்கி, துவக்கின் எண்ணைக் கண்ணாடியிலும் வெட்டி அனுப்பினார்கள். தூரத்தையும் காற்றையும் கண்ணாடியினுள்ளே தெரியும் கோடுகளைக் கொண்டு வீரனே மனத்திற் கணக்கிட வேண்டும். நடக்கும்போது கண்ணாடியைக் கழற்றி உறையிலிட்டுக்கொள்வான்; மீண்டும் அதே துவக்கிற் பூட்டினால் குறி பிசகாது. வேறொரு துவக்கிற் பூட்டினால் அதனால் யாதும் பயனில்லை. உரலும் உலக்கையும் போன்ற பொதுவான சோடி அன்று இது. பூட்டும் அதற்கே உரிய திறப்பும் போன்றது.

மாணவரின் கேள்விக்கு விடை இப்போது கிடைத்துவிட்டது. 97ஆம் வகையில் மொத்தம் 22,500 அளவிற் செய்யப்பட்டதாகக் கணக்கிடுவர். பல, போரில் அழிந்தன. சரணாகதியின் பின் யப்பானியத் துவக்குகள் மலைமலையாகக் குவிக்கப்பட்டு எரிக்கப்பட்டன, கடலிற் கொட்டப்பட்டன. அமெரிக்க வீரர் நினைவுப் பொருளாக எடுத்துச் சென்றவையே பெரும்பாலும் இன்று ஏலத்துக்கு வருகின்றன. எடுத்துச் சென்றவர்களோ துவக்கு ஒருவர், கண்ணாடி ஒருவர் என்று பிரித்துக்கொண்டனர். சிலர் கண்ணாடியை மட்டும் பையிற் போட்டுக்கொண்டு, பாரமான துவக்கை விட்டுச் சென்றனர். ஒரே எண்ணுடைய இரண்டும் எண்பது ஆண்டுகளின் பின்னும் சேர்ந்தே இருப்பது அருமை. அந்த அருமைக்குத்தான் விலை.

விலை இருக்குமிடத்திற் போலியும் இருக்கும். சாதாரண 38ஆம் வகைத் துவக்கின் கைபிடியைச் சூடாக்கி வளைத்து, இடப்பக்கத்திற் கண்ணாடி தாங்கியைப் பொருத்தி ஸ்னைப்பர் துவக்கென்று விற்பவர்கள் உண்டு. தனித்த கண்ணாடி ஒன்றை வாங்கி, பழைய எண்ணை அராவிவிட்டுப் புதிய எண்ணை வெட்டுபவர்களும் உண்டு. அனுபவசாலி பார்ப்பது எண்ணை மட்டுமன்று. எண்ணின் எழுத்துருவம், வெட்டின் ஆழம், அதனுட் படிந்த கருமை, தாங்கியைச் சுற்றியுள்ள இரும்பின் நிறம் இவையனைத்தும் ஒரே வயதினவா என்று பார்ப்பான். நூறு ஆண்டுப் பழமையான உறுதி ஒன்றைப் பார்வையிடும் நொத்தாரிசும் இதைத்தானே செய்கிறார்?

இத்துவக்குகள் நமக்கு மிக அருகில் வந்த களம் இம்பால். 1944 மார்ச் முதல் ஜூலை வரை மணிப்பூர் மலைகளில் நிகழ்ந்த போரில் ஏறத்தாழ 30,000 யப்பானியர் மடிந்தனர். பட்டினியாலும் நோயாலும் இறந்தவர் அதிற் பெரும்பகுதி. அம்மலைகளில் ஊர்மக்கள் இன்றும் துருப்பிடித்த குழல்களையும் தலைக்கவசங்களையும் மண்ணிலிருந்து எடுக்கிறார்கள். அங்குள்ள ஆர்வலர்கள் அவற்றைத் தேடித் திரட்டி வருகிறார்கள். 2019ஆம் ஆண்டு இம்பாலுக்கு அணித்தாயுள்ள செங்குன்றின் அடிவாரத்தில் சமாதான நூதனசாலை ஒன்றும் திறக்கப்பட்டது. எந்த மலையில், எந்தப் பள்ளத்தில் எடுக்கப்பட்டது என்ற குறிப்போடு கூடிய ஒரு துருப்பிடித்த குழலை, ஏலத்தில் மினுங்கும் முழுத் துவக்கைக் காட்டிலும் நான் மேலாக மதிப்பேன். ஏலக்காரர் ஒப்பமாட்டார்.

அக்களத்தில் நமது இரத்த உறவினரும் நின்றார்கள். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழர் பலர் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தனர். இலங்கைத் தமிழரும் அவர்களுள் இருந்தனர். வடபகுதி வீடுகளில் மலாயன் பென்சனியர் கொண்டுவந்த பழைய அல்பங்களில் சீருடையணிந்த இளைஞர் படங்கள் சில கிடக்கின்றன. யப்பானியருடன் நின்றவர்கள் என்பதால் அவர்கள் கையிலுள்ளது யப்பானியத் துவக்கென்று வீட்டார் சொல்வது வழக்கம். படத்தை உற்றுப் பாருங்கள். விசைக்கு முன்னால், கட்டையின் அடியில் இரும்புப் பெட்டி ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறதா? குழலின் முனை மொட்டையாக முடிகிறதா? அப்படியானால் அது ஆங்கிலேயரின் லீ என்பீல்ட். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது யப்பானியர் கைப்பற்றிய பிரித்தானியத் துவக்குகளே அப்படைக்குப் பெரும்பாலும் வழங்கப்பட்டன. அரிசாகாவின் அடிப்பாகம் வழவழப்பானது, பெட்டி வெளியே தெரியாது. பூட்டின் பின்முனையிற் பெரிய வட்டக் குமிழ் ஒன்று இருக்கும். ஆளோடு ஒப்பிட்டால் துவக்கின் நீளமே காட்டிக்கொடுத்துவிடும். பெரியப்பாவின் கையில் ஆங்கிலேயத் துவக்கு இருப்பதனால் அவர் கதை பொய்யாகிவிடாது. கதை இன்னும் தெளிவாகும்.

மன்னார் மண்ணில் யப்பானிய ஸ்னைப்பர் துவக்கு கிடைக்குமா என்று இளைஞர் சிலர் ஆவலோடு கேட்பதுண்டு. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந் தாங்கிக் கப்பலையும் மூழ்கடித்தன. வந்தவை விமானங்களும் கப்பல்களும் மட்டுமே. யப்பானியக் காலாட் படை இலங்கையிற் கால் பதிக்கவேயில்லை. ஆகவே இந்த மண்ணிற் கிண்டி எடுத்த யப்பானிய ஸ்னைப்பர் துவக்கு என்று எவரேனும் எதையேனும் காட்டினால், இரும்பைப் பார்க்கு முன்னரே கதை பொய்த்துவிடும்.

நமது மண்ணிற் கிடைக்கக்கூடியது வேறு. 2009 வரை நிகழ்ந்த போர் மன்னார்ப் பெருநிலத்தில் விட்டுச்சென்ற இரும்பு அது. கண்ணிவெடி அகற்றுவோர் மண்டையோட்டுச் சின்னப் பலகையை நட்டு ஆண்டுக்கணக்காக முழந்தாளிட்டு வேலை செய்த வயல்கள் நம் கண்முன் உள்ளன. மழை மண்ணைக் கழுவியதும் தலைகாட்டும் குழாயோ, டப்பாவோ, ரவைக் கூடோ சேகரிப்புப் பொருளன்று. பழைய இரும்பு விற்றுக் காசாக்கலாம் என்றெண்ணிய சிறுவர்கள் கைகளை இழந்திருக்கிறார்கள். தொடாமல், உதைக்காமல், கல்லெறியாமல், வந்த காலடித் தடத்திலேயே திரும்பிப்போய்க் கிராம அலுவலரிடமோ பொலிஸ் நிலையத்திலோ சொல்லுங்கள். பெற்றோர் இதனைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொன்னாற் போதாது. துவக்கை அனுமதிப்பத்திரமின்றி வைத்திருப்பது 1916ஆம் ஆண்டிலிருந்தே நமது நாட்டிற் குற்றம். பழையது, உடைந்தது, சுடாதது என்ற சமாதானங்களை நம்பி வீட்டில் வைத்திருக்கவும் வேண்டாம்.

அப்படியாயின் அக்காலத்தை அறிய விரும்பும் ஒரு தமிழ் வீட்டார் எதைச் சேர்ப்பது? யப்பானியர் மலாயாவில் அச்சிட்ட காசுத்தாள் இருக்கிறது. பத்து டொலர்த் தாளில் வாழைக்குலை அச்சிட்டிருந்ததால் மக்கள் அதனை ‘வாழைப்பழ நோட்டு’ என்றார்கள். சம்பளமாகவும் சேமிப்பாகவும் கட்டுக்கட்டாக வைத்திருந்தவர்களுக்கு 1945இல் அது ஒரே நாளில் வெறுங் காகிதமாயிற்று. எறிய மனமின்றிக் கொண்டுவந்த தாள்கள் இன்னும் சில பெட்டிகளின் அடியில் உள்ளன. இங்கேயும் எண்ணே பேசும். முற்பட்ட தாள்களில் தொடர் எண் உண்டு. பின்னர் அளவின்றி அச்சிட்டபோது எண்ணிடுவதையே விட்டுவிட்டு, மலாயாவைக் குறிக்கும் ‘எம்’ எழுத்தோடு இன்னோர் எழுத்தை மட்டும் பொறித்தார்கள். எண்ணுள்ள தாள் அருமை, எண்ணில்லாதது மலிவு. ஒரு நாணயம் எப்படிச் செத்தது என்பதைப் பொருளியல் மாணவன் அவ்விரு தாள்களையும் அருகருகே வைத்தாற் கண்டுகொள்வான்.

கடிதங்களும் சயாம்–பர்மா இரயில் பாதையின் நினைவுகளும் அதனினும் அரியவை. அப்பாதை வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் திரும்பவில்லை. பெரும்பாலானோருக்குக் கல்லறையுமில்லை, பெயர்ப் பட்டியலுமில்லை. அவர்களைப் பற்றி ஏதேனும் கேட்டறிந்த கிழவர் கிழவியர் உங்கள் ஊரில் இருந்தால், சொல்வதைச் சொல்லும் நாளின் திகதியோடு எழுதிக்கொள்ளுங்கள். கேட்டதற்கும் கண்டதற்கும் வேறுபாடு காட்டி எழுதுங்கள்.

பாதுகாக்கும் முறை பற்றியும் இரண்டொரு சொல். படத்தையும் அதிலுள்ளவர் பெயரையும் பிரித்துவிடாதீர்கள். கண்ணாடியும் துவக்கும் பிரிந்த கதைதான் பெயரற்ற படத்தின் கதையும். பெயர், ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு, யார் சொன்னார் என்பவற்றைப் படத்தின்மேல் எழுதாமல், உறையின்மேல் பென்சிலால் எழுதிய பிறகு படத்தை உள்ளே வையுங்கள். பேனை மை ஊறிப் படத்துக்கு வந்துவிடும். காசுத்தாளைப் பிளாஸ்ரிக் பூசி ஒட்டவே கூடாது. பின்பு கழற்ற முடியாது. தீவில் உள்ளவர்கள் இரும்புப் பெட்டியையும் தவிர்க்க வேண்டும். சோளகக் காற்று அள்ளிவரும் உப்பு ஈராண்டிற் பெட்டியைத் துருவாக்கி, துருவைக் காகிதத்தில் ஏற்றிவிடும். காய்ந்த மரப்பெட்டி போதும். ஆண்டுக்கொருமுறை வெயில் நாளிற் பெட்டியைத் திறந்து, படங்களை நிழலில் வைத்துக் காற்றாட விடுங்கள்.